பேட்டரிக்கு சி.வி. பொத்தான் ஆகாது

கேள்வி: கடலூர் முதுநகரில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "பேக்கப் நிக்கவே மாட்டேங்குது" என்று வருகிற பேட்டரிகளைச் சோதிக்க, பழைய 150 வாட் டி.சி. எலக்ட்ரானிக் லோடு (நாம் வைக்கும் அளவுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் இழுத்துப் பார்க்கும் மெஷின்) ஒன்று வாங்கினேன். அதில் சி.சி. (கரண்ட் மாறாமல்), சி.வி. (வோல்ட்டேஜ் மாறாமல்), சி.ஆர். (மின்தடை மாறாமல்), சி.டபிள்யூ. (வாட் மாறாமல்) என்று நான்கு முறைகள் இருக்கின்றன. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியை 10.5 வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்பதால், சி.வி.யில் 10.5 வைத்து ஆன் செய்தேன். சில நொடியில் கருகிய வாடை. ஆஃப் செய்தும் கிளிப் கொதித்தது. பிடுங்கியபோது பெரிய பொறி. எங்கே தவறினேன்? எந்த வேலைக்கு எந்த முறை? 48 வோல்ட் ஸ்கூட்டர் பேட்டரியை இதில் போடலாமா?

பதில்: கண்ணுக்கும் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நம்புகிறேன். நீங்கள் செய்தது பலரும் செய்கிற தவறுதான். சி.வி.யில் வைக்கும் எண்ணை "இங்கே வந்ததும் நிறுத்து" என்று படித்துவிட்டீர்கள். மெஷின் அதை "வோல்ட்டேஜை இப்போதே இங்கே இறக்கு, எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் சரி" என்று படித்தது.

வீராணம் ஏரி நிரம்பிக் கிடக்கிறது. ஒரு சின்ன மதகிடம் போய், ஏரி மட்டத்தை உடனே ஓரடி இறக்கு என்றால் அது என்ன செய்யும்? கதவை முழுக்கத் திறக்கும். மட்டம் இறங்காது, மதகுதான் அடித்துக்கொண்டு போகும். நல்ல டியூபுலர் பேட்டரியின் உள்மின்தடை சில மில்லி ஓம்தான். அதை 12.7-இலிருந்து 10.5-க்கு அமுக்கிப் பிடிக்க, வயரின் தடையையும் சேர்த்துப் பார்த்தாலும், நூறு ஆம்பியருக்குக் கிட்ட இழுக்க வேண்டியிருக்கும். 150 வாட் மெஷின் 12 ஆம்பியரிலேயே மூச்சு முட்டும். பாதுகாப்புச் சுற்று குறுக்கே வந்து நிறுத்தியிருக்க வேண்டும். பழைய மெஷினில் அதை நம்பி இறங்கக் கூடாது.

ஆஃப் செய்தும் ஏன் நிற்கவில்லை? உள்ளே கரண்ட்டை அளந்து விடுவது மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர். அது செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதற்குப் பிறகு ஆஃப் பொத்தான் வெறும் அலங்காரம். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றக்கூடியது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே போடும் பியூஸ் ஒன்றுதான். இந்த வேலைக்கு 15 அல்லது 20 ஆம்பியர் போதும், ஆனால் டி.சி.க்கு என்றே உள்ளதாக இருக்கட்டும். வீட்டு ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது. கிளிப்பை மாற்றிப் போட்டாலும் இதே பியூஸ்தான் காக்கும். நானே ஒரு நாள் பேச்சு சுவாரஸ்யத்தில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டி, எட்டு ரூபாய் பியூஸோடு தப்பித்திருக்கிறேன்.

ஓடும் கரண்ட்டில் கிளிப்பைப் பிடுங்குவது இன்னும் மோசம். சார்ஜ் ஏற்றி இறக்கி வைத்த, டியூபுலர் போன்ற லெட்-ஆசிட் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். லோடு ஆஃப்பில் இருக்கும்போது மாட்டுங்கள், எண்ணைச் சரிபார்த்து ஆன் செய்யுங்கள், முடிந்ததும் ஆஃப் செய்துவிட்டுக் கழற்றுங்கள். பியூஸுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு டி.சி. பிரேக்கரும் வைத்துவிடுங்கள்; ஆஃப் செய்தும் கரண்ட் ஓடினால் கிளிப்பைத் தொடாமல் அதைத் தட்டுங்கள்.

சரி, எந்த முறை? எதிரே இருப்பது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பேட்டரி வோல்ட்டேஜைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது நீங்கள் கரண்ட்டைப் பிடியுங்கள், அதாவது சி.சி. முறை. இருவரும் வோல்ட்டேஜையே பிடித்தால் சண்டைதான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எழுதியிருக்கும் 150 ஆம்பியர்-மணி பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு: 7.5 ஆம்பியர், 27 டிகிரி வெப்பம், 10.5 வோல்ட்டில் நிறுத்தம். 12.7 வோல்ட்டில் அது 95 வாட், உங்கள் மெஷின் தாங்கும். 15 ஆம்பியர் வைத்தால் 190 வாட், தாங்காது. நேரத்தை மிச்சம் பிடிக்க 10 ஆம்பியரில் சோதித்தால் 150-ஐ விடக் குறைவாகத்தான் வரும். பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அந்த 10.5-ஐ கட்-ஆஃப் என்று தனியாக இருக்கும் அமைப்பில் வையுங்கள். உங்கள் மெஷினில் அப்படி இல்லை என்றால் மீட்டரோடு பக்கத்திலேயே உட்கார வேண்டியதுதான்.

அந்த வோல்ட்டேஜை எங்கே அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால், 7.5 ஆம்பியருக்கே பத்தில் ஒரு வோல்ட் வழியில் விழும். கடற்காற்றில் பச்சை பூத்த கிளிப் என்றால் இன்னும் அதிகம். மெஷினில் சென்ஸ் முனைகள் (வோல்ட்டேஜை அளக்க மட்டும் உள்ளவை) இருந்தால், தனியாக இரண்டு மெல்லிய வயர்களை நேரே பேட்டரி முனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

வாடிக்கையாளர் வீட்டில் நடப்பதைப் பார்க்க சி.டபிள்யூ. முறை. இன்வெர்ட்டர் அப்படித்தான் இழுக்கிறது. 100 வாட் வைத்தால் 12.5 வோல்ட்டில் 8 ஆம்பியர், 10.5-க்கு இறங்கும்போது 9.5. பேட்டரி தளரத் தளர இழுப்பு கூடும் என்பதால், கட்-ஆஃப் இல்லாமல் இந்த முறையைத் தொடாதீர்கள். சி.ஆர். சாதாரண ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். அடாப்டர், பவர் சப்ளை எல்லாம் அதில் சாதுவாக ஸ்டார்ட் ஆகும்.

சி.வி.க்கும் வேலை உண்டு. கரண்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் சார்ஜர், எல்.இ.டி. டிரைவர், சோலார் பேனல் இவற்றுக்கு அதுதான் பொருத்தம். பேனலை சி.சி.யில் போட்டு அது தரக்கூடியதை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் வோல்ட்டேஜ் பொத்தென்று விழுந்துவிடும். சி.வி.யில் மேலிருந்து ஒவ்வொரு வோல்ட்டாக இறக்கினால் எங்கே அதிக வாட் வருகிறது என்று தெரியும். தானே புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு சோலார் பேனலின் அருமை புரியும்.

ஸ்கூட்டர் பேட்டரி: 48 வோல்ட் லித்தியம் பேக் பெரும்பாலும் 13 செல் வரிசை, முழுச் சார்ஜில் 54.6 வோல்ட். மெஷின் 60 வோல்ட்டுக்கு மேல் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்கினாலும் 150 வாட் என்றால் 2.7 ஆம்பியர்தான். நான் 2-க்கு மேல் போகமாட்டேன். வோல்ட்டேஜ் ஏற ஏற, அதே வாட்டிலும் மாஸ்ஃபெட் உள்ளுக்குள் ஓரிடத்தில் மட்டும் சூடேறிச் சாகும். 39 வோல்ட்டில் நிறுத்திவிடுங்கள். கத்திரி வெயிலில் கடைக்குள் 38 டிகிரி என்றால், எந்தச் சோதனையானாலும் மெஷினை அதன் வாட்டில் பாதிக்கு மேல் ஓட்டாதீர்கள். இழுப்பது முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. ஃபேனுக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.

இப்போது செத்த மெஷின். எதையும் இணைக்காமல், உள்வரும் இரு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மாஸ்ஃபெட் போயிருக்கிறது. பல மாஸ்ஃபெட் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல், அதே எண்ணில் மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். ரிப்பேர் முடிந்து வந்ததும் நேரே பேட்டரியில் மாட்ட வேண்டாம். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் அரை ஆம்பியர் சி.சி. வைத்து அரை மணி நேரம் ஓட்டி, ஆஃப் செய்தால் உண்மையிலேயே பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.