லாரி விபத்தில் காலை இழந்த தம்பிக்கு வழக்கறிஞரைத் தேடும்போது

கேள்வி: நான் மன்னார்குடி வட்டத்தைச் சேர்ந்தவள். குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் பயிரிட்டும், டிராக்டர் ஓட்டியும் பிழைத்துவந்த என் தம்பிக்கு வயது 34. சென்ற மாதம் இரவில் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது, நெல் மூட்டைகளுடன் விளக்கில்லாமல் சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் அவனுடைய பைக் மோதியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லாரி டிரைவரின் புகாரின் பேரில் தம்பி மீதே வழக்குப் பதிவாகியிருக்கிறது. வார்டுக்கு வந்த ஒருவர், செலவெல்லாம் தன்னுடையது, வருகிற தொகையில் 25 சதவீதம் தந்தால் போதும் என்று சொல்லி, வக்காலத்திலும் சில வெற்றுத் தாள்களிலும் கையெழுத்துக் கேட்கிறார். லாரி உரிமையாளர் ஐம்பதாயிரம் தருவதாகவும், ‘வழக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்கும்படியும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், இருவர் நீட்டும் தாளிலும் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி, ஒரு வழக்கறிஞர் தாமாகவோ ஆள் வைத்தோ வழக்குத் தேடி வரக் கூடாது. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கவும் கூடாது. சதவீதக் கட்டணம் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2017இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆகவே வார்டுக்கு வந்தவர் புரோக்கராக இருக்க வேண்டும், அல்லது விதியை மீறும் வழக்கறிஞராக இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து பின்னாளில் கட்டண ஒப்பந்தமாகவோ, மக்கள் நீதிமன்றத்தில் குறைந்த தொகைக்குச் சம்மதித்ததாகவோ மாறக்கூடும். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தம்பியின் வங்கிப் பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, கையெழுத்திட்ட காசோலை ஆகியவற்றையும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

லாரி உரிமையாளரின் அவசரத்துக்கும் காரணம் இருக்கலாம். காப்பீடு நடப்பில் இருந்தால் இழப்பீட்டை வழக்கமாகக் காப்பீட்டு நிறுவனமே செலுத்தும். அவர் கையிலிருந்து போவது குறைவு. அப்படியிருந்தும் எழுதி வாங்கத் துடிக்கிறார் என்றால், காப்பீடு காலாவதியாகிவிட்டதா, டிரைவரின் உரிமம் சரியானதா என்று பார்க்க வேண்டும். லாரி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் இட்டால் காப்பீட்டு விவரம் தெரியும். உரிமத்தில் கோளாறு இருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குச் செலுத்திவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று, விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவிட இடமுண்டு.

உங்கள் வழக்கில் மிக முக்கியமானது முதல் தகவல் அறிக்கைதான். நின்றிருந்த லாரியில் தம்பி வேகமாக வந்து மோதினார் என்று டிரைவர் சொன்னது மட்டுமே இப்போது பதிவில் இருக்கிறது. இதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. அந்த அறிக்கை தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதைச் சாட்சியங்களைக் கொண்டு தீர்ப்பாயம் தானே முடிவு செய்யும். பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும் வகையில் பொது இடத்தில் வாகனத்தை நிறுத்திவைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடுக்கிறது. கொள்முதல் காலத்தில் கிடங்குகளுக்கு அருகே இரவு முழுவதும் லாரிகள் வரிசைகட்டி நிற்பதை டெல்டாவில் எல்லாரும் அறிவோம். ஆனால் நீதிமன்றத்துக்குச் சான்று வேண்டும். பின்விளக்கு எரிந்ததா, ஒளிரும் பட்டை ஒட்டியிருந்ததா, எச்சரிக்கை முக்கோணம் வைத்திருந்தார்களா, தார்ச் சாலைக்குள் லாரி எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் தெருவிளக்கு உண்டா என்பவற்றைக் காட்டும் படம் எதுவானாலும், அன்றிரவு உதவிக்கு வந்தவர்களின் செல்போனில் இருப்பதாயினும், இப்போதே வாங்கி வையுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காவல்துறையின் இட வரைபடம், மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்று ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். நடந்ததைத் தம்பி தம் சொற்களிலேயே புகாராக எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்தது வருமானச் சான்று. டெல்டாவின் குத்தகை விவசாயிகள் பலர் தோற்பது இங்கேதான் என்பது என் கருத்து. குத்தகை வாய்ப்பேச்சாகவே இருக்கும். பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும். ‘கூலி வேலை’ என்று மனுவில் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து சாகுபடியாளர் பெயருள்ள அடங்கல் (கிராமத்தின் சாகுபடிப் பதிவேடு), நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, அதற்கான பணம் வரவான பாஸ்புக் பக்கம், கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் பதிவு, டிராக்டர் ஓட்டும் உரிமம், உழவுக் கூலி எழுதிய நோட்டு, வேலைக்கு அமர்த்தியவரின் சாட்சியம் ஆகியவற்றில் கிடைப்பதையெல்லாம் சேர்த்துவிடுங்கள்.

இவற்றின் மதிப்பு என்ன என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர், வயது 40க்குக் கீழ் என்பதால், எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000, ஆண்டுக்கு 2,52,000. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள்; 31 முதல் 35 வயது வரை அது 16, ஆகவே 40,32,000. இயலாமை 60 விழுக்காடு என்றால் வருமான இழப்பு மட்டும் 24,19,200 ரூபாய். மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் உரியது, செயற்கைக் கால், அதைக் காலாகாலத்தில் மாற்றும் செலவு ஆகியவை தனி. தம்பி மீதும் 20 விழுக்காடு தவறு உண்டு என்று தீர்மானித்தால் இந்த ஓர் இனத்திலேயே 4,83,840 ரூபாய் கழிந்துவிடும். மேலும், மருத்துவச் சான்றில் உள்ள விழுக்காடும் பிழைப்பில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. மேசை வேலை பார்ப்பவருக்கு வலது கால் இல்லாததும், டிராக்டரில் பிரேக்கை மிதித்துச் சேற்று வயலில் உழுபவருக்கு இல்லாததும் ஒன்றாகிவிடாது. இதை மருத்துவரின் சாட்சியத்தோடு எடுத்துவைக்கத் தெரிந்தவரே உங்களுக்கு வேண்டிய வழக்கறிஞர்.

அத்தகையவரைத் தேடி நீங்களே நீதிமன்றத்துக்குப் போங்கள். மோட்டார் விபத்து மனுக்கள் விசாரணைக்கு வரும் நாளில் உட்கார்ந்து பார்த்தால், யார் தாமே குறுக்கு விசாரணை செய்கிறார், யார் வாய்தா மட்டும் வாங்குகிறார் என்பது தெரிந்துவிடும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கறிஞரின் பெயரை இட்டு அவருடைய வழக்குகளைப் பார்க்கலாம். அவரால் வழக்கு முடிந்த குடும்பம் உங்கள் பக்கத்து ஊர்களில் இருந்தால், தீர்ப்பான தொகையில் எவ்வளவு கைக்கு வந்தது என்று கேளுங்கள். கட்டணத்தை ரூபாயில் பேசி, எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணம் தர வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ வட்டச் சட்டப்பணிகள் குழுவையோ அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. தம்பி இப்போது அந்த வகையில் வருகிறார். மனுவை, விபத்து நடந்த இடத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதில்லை. அவர் வசிக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே செய்யலாம்.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வரும் சமரசத்திலும் கவனம் தேவை. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. வழக்கு முற்றிலும் நிற்காது என்ற நிலையில் அது நல்ல ஆதரவு. ஆனால் அந்தத் தொகையைச் சமரச முறையில் ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவின் கீழான பெரிய மனு காலாவதியாகிவிடும். சிகிச்சை முடிந்து இயலாமை கணக்கிடப்படும் முன் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடு இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன என்றாலும், அவற்றை நம்பி நாள் கடத்த வேண்டாம். வழக்கறிஞரை நிதானமாகத் தேட உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் உண்டு. காவல் நிலையத்துக்கான புகாரை மட்டும் அதுவரை ஒத்திவைக்காமல் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.