‘வீட்டுக்குள்ளதானே சுத்துறா’: பீடித்தட்டும் நாலாம் வகுப்பும்

கேள்வி: நாங்கள் முக்கூடல் பக்கம். நாலாம் வகுப்பு படிக்கும் மகள் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து பீடிக்கு நூல் கட்டித் தருவாள். முடிக்க இரவு பத்தாகிவிடும். வகுப்பில் தூங்குகிறாளாம். பீடி கொடுக்கிற நாளில் லீவும் போடுகிறாள். பேரை எடுத்துவிடுவார்களா? தாயோடு வீட்டில் செய்தால் சட்டம் ஒன்றும் செய்யாது என்கிறார் பீடி ஏஜெண்டு.

பதில்: பேரை எடுக்க முடியாது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை நீக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். தகவல் சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால், தலைமையாசிரியர் அதற்கான அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கவலைப்பட வேண்டியது பீடி கொடுக்கிற நாள் லீவுக்குத்தான். வாரம் ஒரு நாள் போனால், 200 வேலைநாளில் 40 நாள் போச்சு. வகுத்தல் கணக்கு நடத்திய அன்று வராதவளுக்கு மறுநாள் பாடமும் புரியாது.

ஏஜெண்டு பாதிச் சட்டத்தைத்தான் சொல்கிறார். 14 வயதுக்குள் வேலை கூடாது, சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம் என்கிறது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம். எது உதவி என்பதை 2017 விதிகளில் பாருங்கள். பள்ளி நேரத்தில் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது. நாளுக்கு 3 மணி நேரம் தாண்டக் கூடாது. வீட்டுப்பாடம் கெடக் கூடாது. இத்தனைக்கும் மேலே, குடும்பத்துக்குக் கூலி வரும் உற்பத்தியில் எந்தக் கட்டத்திலும் பிள்ளை கை இருக்கக் கூடாது. வீட்டைப் பெருக்குவது உதவி. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி எண்ணி வாங்கும் பீடியில் நூல் கட்டுவது உதவியே அல்ல, தாய் மடியில் உட்கார்ந்து கட்டினாலும்! இதைக் கேட்க வேண்டிய அதிகாரிகள் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளான ஜூன் 12-இல் உறுதிமொழி வாசித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. திண்ணைப் பக்கம் யார் வருகிறார்கள்?

பிள்ளையை வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை. ஆகவே ஏஜெண்டு மிரட்டினால் அஞ்ச வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று: நீங்கள் சுற்றிக் கொடுக்கும் பீடியைப் பதிகிற பாஸ் புக் யார் பேரில் இருக்கிறது? அடுத்தவர் புத்தகத்தில் உங்கள் பீடியை ஏற்றுவது ஏஜெண்டுகளின் பழைய வித்தை. பி.எஃப்பும் போகும், பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் கிடைக்காது. அந்த அட்டை இருந்தால்தான் மகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை. முதலில் உங்கள் பேரில் புத்தகம் கேளுங்கள். அவள் கட்டித் தந்த அளவைக் கணக்கில் குறைத்து, அதற்கேற்ற இலையும் தூளும் மட்டும் வாங்குங்கள். விட்டுப்போன பாடம் எது என்று டீச்சரிடமே கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.