நாய்கள் இழுக்கும் பனிவண்டியைப் புதியவர் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா?

அலாஸ்காவுக்குச் செல்லும் புதியவர் பனிவண்டியைத் தாமே ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். குளிர்காலத்தில் ஃபேர்பேங்க்ஸ் வட்டாரத்து நாய்ப்பட்டிகள் சிலவற்றில் கற்றுத் தருகிறார்கள். கோடையில் சென்றால், 1920களிலிருந்து டெனாலி தேசியப் பூங்கா வளர்த்துவரும் நாய்களையும் வண்டியோட்டச் செயல்விளக்கத்தையும் காணலாம்.

இந்த வண்டிக்குக் கடிவாளம் கிடையாது; ‘ஜீ’ என்றால் வலப்புறம், ‘ஹா’ என்றால் இடப்புறம் என்று குரலாலேயே வழிகாட்ட வேண்டும் என்பதால், முன்னே ஓடும் நாய்க்கு வலிமையைவிடப் புரிந்துகொள்ளும் திறனே முக்கியம். வண்டிக்கு மிக அருகில் பூட்டப்படும் நாய்களே பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குகின்றன.

நாய்களை வண்டியில் பூட்டும் வார்ப்பட்டையைக் கையில் எடுத்ததுமே பட்டி முழுவதும் குரைத்துக் குதிக்கும். பனியில் ஊன்றிய கொக்கியைப் பிடுங்கி வண்டி நகர்ந்த அக்கணமே அத்தனை சத்தமும் அடங்கி, மூச்சொலியும் சறுக்குக்கட்டைகள் பனியில் உரசும் ஒலியும் மட்டுமே கேட்கும். ‘வோ’ (நில்) என்று சொன்னதால் மட்டுமே உற்சாகமான நாய்கள் நின்றுவிடுவதில்லை. பிரேக்கையும் காலால் அழுத்தியாக வேண்டும்.

கவிழ்ந்தாலும் கைப்பிடியை விடாதீர்கள். விட்டால், நாய்கள் உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும், அவை வழியில் சிக்கிக் காயப்படவும் கூடும். ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு நாயின் பாதத்தையும் விரித்து, விரலிடுக்கில் பனிக்கட்டி உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்லித்தராத பட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.