இரண்டு அளவுகோல்கள்

அன்புள்ள ஐயா,

பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கையில் ஓரிடத்தில் திகைத்து நின்றுவிட்டேன். சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர், ஓர் எலக்ட்ரானை இழந்த அதன் அயனிக்கு 102. குளோரினுக்கு 99, ஓர் எலக்ட்ரானைப் பெற்ற அதன் குளோரைடு அயனிக்கு 181 என்கிறார்கள். ஒரே ஓர் எலக்ட்ரான் போவதாலும் வருவதாலும் பருமன் இவ்வளவு மாறுமா?

அன்புள்ள நண்பருக்கு,

சோடியத்தில் மாறும், குளோரினில் அந்த அளவுக்கு மாறாது.

சோடியத்தின் 11 எலக்ட்ரான்களில் பத்து உள்ளிருக்கும் இரண்டு கூடுகளில் அடங்கிவிட, பதினோராவது மட்டும் மூன்றாவது கூட்டில் தனித்திருக்கிறது. அணுக்கருவின் ஈர்ப்பை அந்தப் பத்தும் பெரிதும் மறைத்துவிடுவதால் அது வெகுதூரம் பரவிக் கிடக்கிறது. அணுவின் பருமன் என நாம் அளப்பது பெரும்பாலும் அது உலவும் வெளியைத்தான். அது நீங்கும்போது ஒரு கூடே இல்லாமற்போகிறது. எனவே அயனி ‘சுருங்கியது’ என்பதைவிட, முன்பே இறுகியிருந்த உட்பகுதி மட்டும் எஞ்சியது என்பதே பொருத்தம்.

குளோரினின் கதை வேறு. 99 என்பது குளோரின் மூலக்கூறில் பிணைப்பால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நெருங்கிய இரு அணுக்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவில் பாதி. பிணைப்பின்றி அருகருகே அமரும் குளோரின் அணுவுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் வாண்டர்வால்ஸ் ஆரமோ ஏறத்தாழ 175. பதினேழு புரோட்டான்கள் பதினெட்டு எலக்ட்ரான்களைத் தாங்க நேர்வதாலும், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதாலும் அயனி சற்றே விரிவது உண்மைதான். ஆனால் அந்த ‘இரட்டிப்பு’ பெரும்பாலும் அளவுகோலை மாற்றியதன் விளைவு. இதைச் சொல்லாமல் இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுவது, என் பார்வையில், மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.

181 என்பதும் நேரடியாக அளந்த எண் அல்ல. உப்புப் படிகத்தில் எக்ஸ் கதிர்கள் காட்டுவது சோடியம், குளோரைடு மையங்களுக்கு இடையிலான 282 பிக்கோமீட்டரை மட்டுமே. அதில் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது நம் வேலை. 1920-இல் இயற்பியலர் ஆல்ஃபிரட் லாண்டே லித்தியம் அயோடைடை எடுத்துக்கொண்டு, லித்தியம் மிகச் சிறியது என்பதால் அதில் அயோடைடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், எனவே அவற்றின் மையங்களுக்கு இடையிலான தொலைவில் பாதியே அயோடைடின் ஆரம் எனக் கொண்டு ஒரு வழி கண்டார். இன்றைய அட்டவணையின் 102-ஐயும் 181-ஐயும் கூட்டினால் 283 வரும். பல சேர்மங்களுக்குப் பொதுவாக வகுத்த எண்கள் என்பதால் அந்த ஒன்றைப் பொருட்படுத்த வேண்டாம்.

மகளிடம் ஒரே அளவுகோலால் அளந்த வரிசையைக் காட்டுங்கள்: ஆக்சைடு 140, ஃபுளோரைடு 133, சோடியம் 102, மக்னீசியம் 72, அலுமினியம் 53.5. ஐந்து அயனிகளிலும் எலக்ட்ரான்கள் பத்தே. புரோட்டான்கள் மட்டும் எட்டிலிருந்து பதின்மூன்றுக்கு ஏறுகின்றன.