விநோத உடை விருந்துக்கு வீட்டிலேயே சிறுத்தை வேஷம் செய்யலாமா?

ஆறு வயது மகனுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ரோமத் துணி வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் பிள்ளை கேக் வெட்டுமுன்பே கழற்றி எறிந்துவிடும். மஞ்சளும் மண்ணிறமும் கலந்த நிறத்தில் முழுக்கைப் பருத்தி பனியனும் காற்சட்டையும் போதும். புறக்கோட்டையில் சுற்றினால் துணிச்சாயம், தலைப்பட்டி எல்லாம் மலிவாகக் கிடைக்கும்.

புள்ளிதான் வேஷத்தின் உயிர். நிறையப் பேர் உடம்பு முழுக்கக் கறுப்புப் பொட்டு வைத்துவிடுகிறார்கள். உண்மையில் சிறுத்தையின் முதுகிலும் விலாவிலும் இருப்பவை உடைந்த வளையங்கள். தலை, கால், வயிற்றில்தான் தனிப்பொட்டு. முதலில் ஸ்பொஞ்சுத் துண்டால் கபில நிறம் ஒற்றி, காய்ந்த பின் அதைச் சுற்றி மூன்று நான்கு கறுப்புத் தீற்றல் வையுங்கள். வளையத்துக்குள் புள்ளி வைத்தால் அது ஜாகுவார் என்ற வேறு விலங்காகிவிடும்! சட்டைக்குள் காட்போட் மட்டை வைக்காவிட்டால் சாயம் முதுகுப் பக்கம் ஊறும். மறுநாள் உட்புறமாகத் திருப்பி அயன் பண்ணுங்கள்.

வாலுக்குப் பழைய நீளக் காலுறையில் பஞ்சு. அதைக் காற்சட்டையில் தைக்காதீர்கள், பாரத்தில் காற்சட்டை இறங்கும். இடுப்பில் நாடா கட்டி அதில் தையுங்கள். தலைப்பட்டியில் ஒட்டும் காதின் பின்புறம் கறுப்பு, நடுவில் வெள்ளைப் பொட்டு.

முகமூடி தேவையில்லை. மூக்கு நுனிக்கும் மீசைக்கும் கண் மை போதும். போஸ்டர் கலரை மட்டும் தோலில் பூச வேண்டாம்.