அப்பாவின் பழைய ஜூம் லென்ஸைப் புது மிரர்லெஸ் கேமராவில் போடலாமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த பென்டாக்ஸ் 80-200 மேனுவல் ஜூம் லென்ஸ் வீட்டில் இருக்கிறது. நான் புதிதாக ஃபூஜி மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறேன். அடாப்டர் போட்டு இதைப் பயன்படுத்தலாமா? பழைய ஜூம் என்றாலே படம் மங்கலாகத்தான் வரும் என்கிறார்கள் நண்பர்கள். காசு வீணாகிவிடுமா?

பதில்:

தாராளமாகப் போடலாம். ஆனால் முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு லென்ஸை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்தேன். ஒரு நல்ல லென்ஸ் ஏழெட்டு மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. கோளாறு லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் இணைப்பு வளையமான அடாப்டரில் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் தாய்மாமா திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 80களின் நடுவில் ஒரு மினோல்டா எக்ஸ்-700 வாங்கினார். அதோடு வந்தது மினோல்டா எம்டி 35-70, எஃப் 3.5. (35, 70 என்பவை மி.மீ.-இல் ஃபோக்கல் நீளம், எண் கூடினால் பொருள் பெரிதாகத் தெரியும். எஃப் எண் அப்பர்ச்சரின், அதாவது ஒளி நுழையும் துளையின் அளவு, எண் கூடினால் துளை சுருங்கும்.) ஸ்டூடியோவை மூடிய பிறகு கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டார், லென்ஸை மட்டும் கொடுக்கவில்லை. நான் சோனி ஏ7 மார்க் 2 வாங்கியதும் அதை என் கையில் வைத்தார். ரப்பர் வளையம் வெளுத்திருந்தது. அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'டிக்' என்று விரலுக்குத் தெரிந்தது. ஃபோகஸ் வளையம், கெட்டித் தேனில் கரண்டி போவதைப் போல ஒரே சீராகத் திரும்பியது. கண்ணாடியில் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. லென்ஸைத் தோல் உறையில் போட்டு மூடி வைக்கவே கூடாது என்பார் மாமா. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது போதும்.

இந்த லென்ஸ் லேசுப்பட்டதில்லை. லைக்கா நிறுவனம் தன் ஆர் வரிசை கேமராக்களுக்காக விற்ற 35-70 எஃப் 3.5 லென்ஸ், மினோல்டாவின் இந்த வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டதுதான். அப்படிப்பட்ட லென்ஸ் என் கேமராவில் போட்டதும் சுமாராகப் படம் எடுத்தது. 70-இல் பரவாயில்லை. 35-க்கு வந்தால் எல்லாமே லேசாகக் கரைந்த மாதிரி இருந்தது. எஃப் 8 வைத்தால் சரியாகிவிடும். 'பழைய ஜூம் இப்படித்தான் இருக்கும்' என்று நானும் முடிவு கட்டினேன்.

பழைய ஜூம்களைப் பற்றி இப்படி ஒரு பேச்சு இருப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 35 மி.மீ. ஸ்டில் கேமராக்களுக்கு வந்த முதல் ஜூம், 1959-இல் வந்த ஃபோக்ட்லாண்டர் சூமார் 36-82. 1963-இல் நிக்கான் 43-86 விட்டது. கைக்கு அடக்கமாக இருந்ததால் நன்றாக விற்றது, ஆனால் அதன் ஆரம்ப கால வடிவம் படத்தின் தரத்துக்காக இன்றுவரை திட்டு வாங்குகிறது. 70களில் கணினி வைத்து லென்ஸ் கணக்குகளைப் போட ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. விவிட்டார் சீரீஸ் 1 70-210 போன்ற லென்ஸ்கள் வந்து, ஜூமிலும் நல்ல படம் எடுக்கலாம் என்று காட்டின. அதற்குள் கெட்ட பெயர் ஊன்றிவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு தீபாவளிக்கு அந்த லென்ஸை மறுபடி மாட்டி, மாமா வீட்டு மொட்டை மாடியில் நின்று பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா கேமராவை வாங்கிப் பார்த்தார். அவருக்கு 72 வயது, கை லேசாக நடுங்கும். ஆனால் லென்ஸைப் பிடித்த விதம் மாறவில்லை. இடது உள்ளங்கையில் லென்ஸின் அடிப்பாகம், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வளையத்தில். முதலில் 70-க்குத் தள்ளினார், பேத்தியின் கண்ணில் ஃபோகஸ் செய்தார், அப்புறம் 35-க்கு வந்து எடுத்தார். ஃபோகஸ் வளையத்தை மறுபடி தொடவே இல்லை.

"கல்யாண வீட்டுல இதான் மாப்ளே வழக்கம். 70-ல மூஞ்சி பெருசாத் தெரியும், சுளுவா ஃபோகஸ் பிடிக்கலாம். பிடிச்சிட்டா 35-க்கு வந்தாலும் அது அப்படியே நிக்கும். தாலி கட்டுற நேரத்துல ரெண்டு தடவை திருப்பவா முடியும்?"

படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். குழந்தையின் கண் ஷார்ப்பாக இல்லை. மாமாவின் முகம் வாடிவிட்டது. கை நடுக்கத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டார். எனக்கு அங்கேதான் உறைத்தது. நடுக்கம் என்றால் படம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். இது ஃபோகஸ் தவறியதால் வந்த மங்கல். அப்படியென்றால் மாமாவின் எக்ஸ்-700-இல் நின்ற ஃபோகஸ் என் கேமராவில் ஏன் நிற்கவில்லை?

அந்தக் காலத்து மேனுவல் ஜூம்களில் பலவும், ஃபோகஸ் பிடித்துவிட்டு ஜூம் செய்தாலும் ஃபோகஸ் நகராதபடி செய்யப்பட்டவை. கண்ணால் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்கிற ஆளுக்கு அது அவசியம். இப்போதைய ஆட்டோஃபோகஸ் ஜூம்கள் நிறைய அப்படி இருப்பதில்லை, கேமராவே மறுபடி பிடித்துக்கொள்ளும் என்பதால். ஆனால் இந்தத் திறமை முழுக்க ஒரே ஓர் அளவை நம்பி இருக்கிறது: லென்ஸ் மவுண்டிலிருந்து, அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாயிலிருந்து, ஃபிலிமுக்கு உள்ள தூரம். மினோல்டாவில் அது 43.5 மி.மீ. சோனி ஈ மவுண்டில், ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சார் வரை உள்ள தூரம் 18 மி.மீ. ஆக, அடாப்டரின் தடிமன் துல்லியமாக 25.5 மி.மீ. இருக்க வேண்டும்.

என் அடாப்டரைத் தடிமன் அளக்கும் டிஜிட்டல் வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். 25.40 காட்டியது. நாலைந்து இடத்தில் அளந்தும் அதேதான்.

0.1 மி.மீ. குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். மலிவான அடாப்டர்கள் பலவற்றை வேண்டுமென்றே ஒரு நூலிழை மெல்லியதாகச் செய்கிறார்கள். தடிமன் கூடிவிட்டால் தூரத்து மலை ஃபோகஸ் ஆகாது, வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். குறைந்தால் யாருக்கும் தெரியாது, ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறிக்கு (வெகு தூரத்தைக் குறிக்கும் ∞) கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் சரியாகிவிடும். 50 மி.மீ. போன்ற, ஜூம் இல்லாத ஒற்றை ஃபோக்கல் லென்ஸுக்கு அதோடு பிரச்சினை தீர்ந்தது. ஜூமுக்குத் தீராது.

ஃபோக்கல் நீளத்தை அதே எண்ணால் பெருக்கி, தடிமனில் எவ்வளவு குறைகிறதோ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 70-க்கு 4900-ஐ 0.1-ஆல் வகுத்தால் 49,000 மி.மீ., அதாவது 49 மீட்டர். 35-க்கு 1225-ஐ வகுத்தால் 12 மீட்டர் சொச்சம். இதன் பொருள், தூரத்தில் உள்ள ஒரு மலை ஷார்ப்பாக விழ, 70-இல் வளையத்தை 49 மீட்டரில் வைக்க வேண்டும், 35-இல் 12 மீட்டரில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சேரவே சேராது. 70-இல் பிடித்துவிட்டு 35-க்கு வந்தால் ஃபோகஸ் தவறித்தான் தீரும். எஃப் 3.5-இல் அந்தத் தவறு என் சென்சாரில் மூன்று நான்கு பிக்சல் அகலத்துக்கு ஒவ்வொரு புள்ளியையும் ஊத வைக்கும். எஃப் 8-க்குப் போனால் அது சுமார் ஒன்றரைப் பிக்சலாகச் சுருங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. 'பழைய ஜூமை எஃப் 8-இல் வைத்தால்தான் நல்லது' என்று பலர் சொல்வதில் பாதி இந்த அடாப்டர் சமாச்சாரமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சோதித்துப் பார்க்க திண்டுக்கல்லில் மலைக்கோட்டை இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் கிடைக்காது. காலை வெயிலில் கோட்டைச் சுவரின் விளிம்பு வானத்தில் கத்தி போலத் தெரியும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, திரையில் பெரிதாக்கி 70-இல் அந்த விளிம்பைப் பிடித்தேன். 35-க்கு வந்தேன், விளிம்பு கரைந்தது. வளையத்தைத் திருப்பிச் சரிசெய்தேன். இரண்டு நிலைக்கும் நடுவே என் விரல் நகர்ந்தது கண்ணுக்குத் தெரிகிற அளவு.

சரிசெய்வது கடினமான வேலை இல்லை. அடாப்டரின் முன்பக்க வளையத்தைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். அடியில் மூன்று இடங்களில், சம இடைவெளியில், செலோ டேப்பை இரண்டடுக்காக ஒட்டினேன். ஒரு அடுக்கு சுமார் 0.05 மி.மீ. இருக்கும். ஓரத்தைப் பிளேடால் நறுக்கிவிட்டு ஸ்க்ரூக்களை எதிரெதிராக, ஒரே அழுத்தத்தில் முறுக்கினேன். அளந்தால் 25.49. மறுபடி மாடிக்கு ஓடினேன். 70-இல் பிடித்து 35-க்கு வந்தேன், கோட்டை விளிம்பு நின்றது. முடிவிலிக் குறியும் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. கீழே போய் மாமாவிடம் கேமராவைக் கொடுத்து, பேத்தியை மறுபடி எடுக்கச் சொன்னேன். இந்த முறை இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி மற்ற விஷயங்கள்.

சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், ஃபோக்கல் நீளத்தை நீங்கள்தான் உள்ளிட வேண்டும். பழைய லென்ஸால் கேமராவுக்கு அதைச் சொல்ல முடியாது. ஜூம் செய்யும்போதெல்லாம் மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது. நான் 35 என்றே வைத்துவிடுகிறேன். எண் குறைவாக இருந்தால் உதவி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உண்மையைவிட அதிகமான எண்ணைக் கொடுத்தால் கேமரா தேவைக்கு மேல் அசைத்துப் படத்தைக் கெடுத்துவிடும். மாமாவின் கைக்கு இந்த வசதி பெரிய வரம்.

ஷார்ப்பான விளிம்புகளைத் திரையில் வண்ணமாகக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியின் கோடுகளை முழுதாக நம்பாதீர்கள். அது ஓரளவு ஷார்ப்பான இடத்தையும் ஷார்ப் என்று காட்டும். பெரிதாக்கிப் பார்த்துப் பிடிப்பதுதான் நிச்சயம். 

அப்புறம் வெளிச்சம். பழைய ஜூம்களுக்குள் கண்ணாடித் துண்டுகள் அதிகம், அவற்றின் மேல்பூச்சு இன்றைய அளவுக்குத் தேர்ந்ததில்லை. எதிர் வெயிலில் படம் முழுக்க ஒரு வெள்ளைப் படலம் விழும். லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூட் கட்டாயம் போடுங்கள். அடாப்டரின் உட்சுவர் பளபளப்பாக இருந்தால் அதுவும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஃபூஜியில் சென்சார் சிறியது, ஃபிலிம் அளவுக்கான லென்ஸ் அனுப்பும் ஒளியில் பெரும்பகுதி சென்சாரில் படாமல் பக்கச் சுவர்களில்தான் மோதும். பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட்டை உள்ளே மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். நான் பூசியபோது வித்தியாசம் முதல் படத்திலேயே தெரிந்தது.

உங்கள் அப்பாவின் லென்ஸை மாட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி தெரிந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை, லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் காட்டிச் சுத்தம் செய்த பிறகு பயன்படுத்துங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்க் கறை இருக்கிறதா, வளையத்தைத் திருப்பினால் அவை உடனே விரிந்து சுருங்குகின்றனவா என்றும் பாருங்கள். தள்ளி இழுக்கிற மாதிரி ஜூம் என்றால், கேமராவைக் கீழ் நோக்கிப் பிடிக்கும்போது அது தானாகச் சரியலாம். வயதானால் வரும் தளர்வு அது, படத்தைப் பாதிக்காது.

பென்டாக்ஸ் கே மவுண்டின் தூரம் 45.46 மி.மீ. ஃபூஜி எக்ஸ் மவுண்டில் 17.7. உங்கள் அடாப்டர் 27.76 மி.மீ. இருக்க வேண்டும். கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் எடு' என்ற பொருளில் இருக்கும் வசதியை இயக்காவிட்டால் ஷட்டர் விழாது, பலர் இங்கேதான் முதல் நாள் தடுமாறுகிறார்கள். 80-200 உங்கள் சென்சாரில் 120-300 போலப் பார்க்கும். 200 பக்கம் போனால் ஷட்டர் வேகத்தை 1/300-க்குக் கீழே இறக்காதீர்கள். முகங்கள், கோயில் கோபுரச் சிற்பங்கள், மேடைக் கச்சேரி இதற்கெல்லாம் நன்றாகப் பொருந்தும். பறவையும் விளையாட்டும் எடுக்க இதை நம்ப வேண்டாம், கையால் அவ்வளவு வேகமாகப் பிடிப்பது சிரமம்.

அடாப்டரை வாங்கும்போதே, தடிமன் சரியில்லை என்றால் திருப்பித் தரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் வெர்னியரில் அளந்துவிட்டு, தூரத்தில் ஒரு கோபுரத்தையோ செல்போன் டவரையோ 200-இல் பிடித்து 80-க்கு வந்து பாருங்கள். நின்றால் அப்படியே பயன்படுத்துங்கள். நிற்காவிட்டால், அளந்த எண்ணை இங்கே கமெண்ட்டில் போடுங்கள், எத்தனை அடுக்கு டேப் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.