எர்த் போடாத லைன் செத்த லைன் அல்ல

கேள்வி: அமெரிக்காவில் மின்கம்பித் தொழிலாளர்களுக்கான ஓஷா (அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) விதிகள் 2014-இல் திருத்தப்பட்டனவே, கம்பம் ஏறுகிறவருக்கு அதில் என்ன மாறியது?

பதில்: அதற்கு முன் பராமரிப்பு வேலைக்கு 1994-ஆம் ஆண்டு விதி, புதிதாக லைன் இழுப்பதற்கு 1972-ஆம் ஆண்டு விதி. ஒரே கம்பத்தில் ஒரே ஆட்கள் செய்யும் வேலைக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. 2014 ஜூலை 10 முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

ஏறுவதற்கான விதியையே நாங்கள் பெரிய மாற்றமாகப் பார்க்கிறோம். முன்பெல்லாம் பயிற்சி பெற்றவர், பிடி நழுவும் ஆபத்து தெரிந்தாலொழிய, ஏறும்போதும் இடம் மாறும்போதும் விழாமல் தாங்கும் பாதுகாப்புப் பட்டை மாட்ட வேண்டியதில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் போய் மாட்டினால் போதும். 2015 ஏப்ரல் 1 முதல், 4 அடிக்கு மேல் ஏறும்போதும் பாதுகாப்பு வேண்டும். அது முடியாது, அல்லது அதுவே கூடுதல் ஆபத்து என்று முதலாளி நிரூபித்தால்தான் விலக்கு. கம்பத்தில் மாட்டும் பட்டை 2 அடிக்கு மேல் விழவிடக் கூடாது. ஆளைத் தொட்டியில் நிறுத்தி உயரத்துக்குத் தூக்கும் வாளி லாரியில் விழுவதைத் தடுத்துப் பிடிக்க இடுப்பு பெல்ட்டை நம்பக் கூடாது. விழும் வேகம் முழுவதும் அடிவயிற்றில் இறங்கும் என்பதால் முழு உடல் ஹார்னஸ் மாட்டுங்கள்.

கேள்வி: சுவிட்சைத் திறந்தாயிற்று, பூட்டி டேக் மாட்டியாயிற்று, டெஸ்டரும் மின்சாரம் இல்லை என்கிறது. அதன் பிறகும் லைனைக் கேபிளால் தரையோடு இணைக்கும் எர்த் எதற்கு?

பதில்: நீங்கள் திறந்தது உங்களுக்குத் தெரிந்த வழியை மட்டும். ஒரு வீட்டு ஜெனரேட்டர் முறையான மாற்று சுவிட்ச் இல்லாமல் ஓடினால், அதன் 240 வோல்ட் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து 7,200 வோல்ட்டாக லைனில் ஏறும். பக்கத்தில் ஓடும் உயரழுத்த லைனும் தூண்டல் மூலம் மின்னழுத்தம் தரும். டெஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். டெஸ்டரை லைனில் வைக்கும் முன்னும் வைத்த பின்னும், மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்த ஓரிடத்தில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

வரிசையில் தவறவே கூடாது. முதலில் எர்த் முனை, பிறகு ஹாட் ஸ்டிக்கால் (மின்சாரம் கடத்தாத நீண்ட கோல்) கம்பி முனை. மாற்றிச் செய்தால், லைனில் மின்சாரம் இருக்கும் பட்சத்தில் கேபிளின் மறுமுனையில் முழு அழுத்தமும் நிற்கும்; அந்த முனை உங்கள் கையில் இருக்கும். கழற்றும்போது கம்பி முனை முதலில், எர்த் முனை கடைசியில்.

எர்த் கேபிள் குறைந்தது அமெரிக்க அளவில் 2-ஆம் எண் செம்புக் கம்பிக்கு, அதாவது சுமார் 33.6 சதுர மில்லிமீட்டருக்கு, ஈடாக இருக்க வேண்டும். பிழை மின்னோட்டம் (கோளாறின்போது திடீரெனப் பாயும் பெரும் மின்னோட்டம்) அதிகமுள்ள இடத்தில் இன்னும் தடிமன் தேவை. அலுமினியக் கம்பியில் சாம்பல் நிறப் படலம் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்த பிறகுதான் கிளாம்ப்பை இறுக்குங்கள். தேய்க்காத இடத்தில் பிழை மின்னோட்டம் பாயும்போது கிளாம்ப் சூடேறிப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சிய கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள். பிழை வரும் கணத்தில் அது சாட்டையாய்த் துள்ளும்.

பலர் தவறுவது எர்த் போடும் இடத்தில். இருபுறமும் அடுத்த கம்பங்களில் எர்த் போட்டுவிட்டு நடுக் கம்பத்தில் ஏறினால், கம்பிக்கும் உங்கள் காலடிக்கும் இடையே ஆளைக் கொல்லும் அளவு வேறுபாடு எழலாம். நீங்கள் நிற்கும் கம்பத்திலேயே, பாதத்துக்குக் கீழே ஓர் உலோகப் பட்டையை இறுக்கி, அதோடு நியூட்ரலையும் மூன்று பேஸ்களையும் இணையுங்கள். கையும் காலும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும். கீழே நிற்பவருக்கு இந்தக் காப்பு கிடையாது; கம்ப அடியை விட்டு அவரை விலகி நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தீ தடுப்புச் சட்டைக்குள் பாலியெஸ்டர் பனியன் அணியலாமா?

பதில்: கூடாது. ஆர்க் எனும் மின்வெடிப்புப் பொறியின் வெப்பத்தில் அது உருகித் தோலோடு ஒட்டிவிடும். நைலானும் அப்படியே, பருத்தியே நல்லது. தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் உண்டாகச் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி போதும். மதிப்பிட்ட வெப்பம் 2 கலோரியைத் தாண்டினால் அதற்கேற்ற ஆர்க் தரமுள்ள உடையை விதி கட்டாயமாக்குகிறது.

கேள்வி: ரப்பர் கையுறையை எப்படிச் சோதிப்பது?

பதில்: தினமும் வேலைக்கு முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். ஊசித்துளை இருந்தால் சீறும். மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விடும். 6 மாதத்துக்கு ஒருமுறை மின்சோதனை கட்டாயம். 2-ஆம் வகுப்புக் கையுறை 17,000 வோல்ட் வரைதான். மேலே தோல் உறை இல்லாமல் போட்டால், ஒரு கம்பி நுனி கிழித்தாலே அது வீண்.

கேள்வி: நாங்கள் ஒப்பந்த நிறுவனம். லைன் உரிமையாளர் எங்களுக்கு என்ன சொல்ல வேண்டும்?

பதில்: லைனின் மின்னழுத்தம், அவருக்குத் தெரிந்த ஆபத்தான நிலைமைகள் ஆகியவற்றை வேலைக்கு முன்பே சொல்ல வேண்டும். அவர் சொல்லாத ஆபத்து எதையாவது, உளுத்த கம்பத்தையோ அறுந்த எர்த் கம்பியையோ, நீங்கள் கண்டால் 2 வேலை நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.